கபீர் பாய்க்குச் சிறகு கிடையாது

786

தென்காசி
12.6.2025

இசக்கிராஜா தம்பிக்கு அகமது கபீர் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டில் ஹைருன் பீவியும் மகள் ஷிஃபாவும் நலம். உங்கள் தாயார் பிச்சம்மாள் அம்மாளின் நலத்துக்கு துஆ செய்கிறேன்.

உங்கள் நம்பருக்கு நான்கு தடவை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். டைரக்டர் ஆகிவிட்டால் காது கூட சம்பளத்துக்கு ஆள் வைத்துத்தான் கேட்கும் போல. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருநாளுக்கு மறுநாள் ஷிஃபா என்னை உங்கள் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு வருடம் முன்பு நீங்கள் என் வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து, சாப்பிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு போனதெல்லாம் இதற்குத்தானா? குற்றாலத்தில் முப்பது வருடமாக எண்ணெய் தேய்க்கிறவன் நான். என் முதுகே எனக்கு நிமிராது. திரையில் என் பெயரில் வருகிற ஆள் பனை மரம் மாதிரி நிற்கிறான். அவனுக்குப் பின்னால் அருவி இரண்டாகப் பிரிந்து சிறகு விரிக்கிறது. தியேட்டரே எழுந்து விசில் அடித்தது. "வாப்பா, எல்லாரும் உங்களத்தான் பாக்குதாங்க" என்று ஷிஃபா அழுதாள். அந்த விசில் சத்தம் எனக்கு ஆகவில்லை. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வருவதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்தேன். உங்கள் அப்பா விஸ்வநாதன் அண்ணாச்சி, வெள்ளம் வருகிறதென்று போலீஸ் விசில் ஊதுவதைக் கேட்டும், "தண்ணி என்னைய என்னடா செய்யும்" என்று தொடை தட்டிக்கொண்டு அருவிக்குள் ஓடுகிறார். சனம் சிரிக்கிறது. செத்துப்போன மனுஷரை ஏன் தம்பி இப்படிக் கோமாளி ஆக்கினீர்கள்?

அடுத்தது கயிறு. எண்ணெய் தேய்த்த ஆளை அருவிக்கு அனுப்பும் முன் நான் இடுப்பில் ஒரு பருத்திக் கயிறு கட்டி விடுவேன். வழுக்கினால் யாராவது பிடித்து இழுக்க ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான். படத்தில் அந்த ஆள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து ஊதிக் கட்டுகிறான். இப்போது வேன் வேனாக வந்து, "பாய், அந்த மந்திரிச்ச கயிறு ஒண்ணு கையில கட்டுங்க" என்று மணிக்கட்டை நீட்டுகிறார்கள். நான் தொழுகிறவன். மந்திரத்துக்கு நான் எங்கே போவேன்?

ஜூலை இருபதாம் தேதி குற்றாலத்தில் நீங்கள் விழா வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக லாட்ஜ் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் என் தோளில் சிறகு வேறு. விழா வேண்டாம். முக்கியமாக உங்கள் அம்மாவை அழைத்து வராதீர்கள். காரணம் கேட்காதீர்கள்.

அகமது கபீர்

*

சென்னை
19.6.2025

அன்புள்ள கபீர் பாய்க்கு,

உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் நானும் பேனா எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நல்லது செய்தவர்களுக்குப் புகழைக் கண்டால் கூச்சம். படத்தின் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன், நீங்கள்தான் பாதியில் எழுந்துவிட்டீர்களே: 'நம் ஊரில் தேவதைகள் லுங்கி கட்டிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.' அந்த வரிக்காக எனக்கு எத்தனை பேர் எழுதுகிறார்கள் தெரியுமா? கரூரில் ஒரு பெண், மாத்திரைகளை எண்ணி வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு படம் பார்க்கலாம் என்று வந்தாளாம். பார்த்துவிட்டு மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினாளாம். ஒரு சினிமா இவ்வளவு செய்யும் என்று நானே நம்பியதில்லை.

அப்பா தண்ணீரோடு போன அன்றைக்கு எனக்கு எட்டு வயது. திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு, அப்பா, அம்மா, நான் மூவரும் குற்றாலம் வந்தோம். எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். தண்ணீர் சத்தம், என் அரைஞாண் கயிற்றில் உங்கள் விரல்கள், வயிற்றை அறுக்கிற வலி. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மிச்சத்தை நான் கற்பனையில் கட்டிக்கொண்டேன். அப்பா என்னைத் தூக்கி உங்களிடம் நீட்டுகிறார், நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள், அவர் போய்விடுகிறார். அப்படித்தான் நடந்திருக்கும்.

அப்பாவைக் கோமாளி ஆக்கியது நான் இல்லை. அம்மா சொன்னதைத்தான் எடுத்தேன். அவள் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தாளாம், விசில் சத்தம் அவளுக்கே கேட்டதாம். "ஊருக்கே கேட்ட விசிலு அந்த மனுசனுக்குக் கேக்கலியா? சொன்னா கேக்காத சென்மம்" என்று இருபத்தைந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா போட்டோவைக் கூடத்தில் மாட்டவே விடவில்லை. படம் பார்த்த பிறகுதான், பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போன மனுஷன் என்று கொஞ்சம் மனம் இறங்கி, பரண் மேலிருந்த போட்டோவை எடுத்துத் துடைத்தாள். ஒன்பது தடவை பார்த்துவிட்டாள். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்கிறாள். அவளை எப்படி வராதே என்பது?

விழா நடக்கும். நீங்கள் வருகிறீர்கள்.

உங்கள் பிள்ளை மாதிரி,
இசக்கிராஜா

*

786

தென்காசி
27.6.2025

தம்பி,

காரணம் கேட்காதீர்கள் என்றேன். நீங்கள் கேட்காமலே வாயைப் பிடுங்கிவிட்டீர்கள்.

எங்கள் மார்க்கத்தில் ஒவ்வொரு மனுஷன் தோளிலும் இரண்டு மலக்குகள், நீங்கள் தேவதை என்கிறீர்களே அவர்கள், உண்டு. வலது தோளில் இருப்பவர் நன்மையை எழுதுகிறார், இடது தோளில் இருப்பவர் பாவத்தை எழுதுகிறார். தொழுகை முடிக்கும்போது இரண்டு பக்கமும் திரும்பி சலாம் சொல்வோம். இருபத்தைந்து வருடமாக இடது பக்கம் திரும்பும்போது என் கழுத்து கூசும். நான் தேவதை இல்லை தம்பி. தேவதைக்குப் பதில் சொல்ல வேண்டியவன்.

அன்றைக்குச் சாரல் சீசன், நல்ல கூட்டம். உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் தலை முதல் கால் வரை நான்தான் எண்ணெய் தேய்த்தேன். இன்னும் மூன்று பேர் துண்டைக் கட்டிக்கொண்டு என் பாறைக்காக நின்றார்கள். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியதை நான் பார்த்தேன். மலையில் கொட்டுகிறது, வெள்ளம் வருகிறது என்று அதற்கு அர்த்தம். பிறகு விசில் சத்தம். உங்கள் அப்பா எழுந்திருக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "பாய், விசிலு அடிக்காங்களே, குளிக்காம போயிரலாமா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "அது பொம்பளைக பக்கத்துக்கு அடிக்கான் அண்ணாச்சி. எண்ணெயோட எப்படி பஸ் ஏறுவிய? போயி ரெண்டு முங்கு முங்கிட்டு வாங்க."

பாறை காலியாக வேண்டும் எனக்கு. அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. அவர் என் பேச்சை நம்பி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

வெள்ளம் அடித்துக்கொண்டு இறங்கியதும் ஓடினேன். அவருடைய கை என் கைக்குக் கிடைத்தது. வழுக்கியது. மறுபடி முழங்கையைப் பிடித்தேன், அதுவும் வழுக்கியது. தலைமுடியைப் பிடிக்கலாம் என்றால் மொட்டை. என் கையிலும் எண்ணெய், அவர் உடம்பிலும் எண்ணெய், எல்லாம் நான் தேய்த்தது. மூன்றாவது தடவை தோளில் கை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இல்லை. அவர் உங்களை என்னிடம் நீட்டவில்லை. நீட்ட நேரமே இல்லை. தடவிக்கொண்டே போன என் கையில் உங்கள் அரைஞாண் கயிறு சிக்கியது. கயிறு இல்லை என்றால் நீங்களும் இல்லை. அதனால்தான் அன்று முதல் எல்லோருக்கும் கயிறு கட்டுகிறேன்.

உங்கள் அம்மா அவரைத் திட்டுவது இப்போது நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். விழாவை நிறுத்துங்கள்.

அகமது கபீர்

*

சென்னை
8.7.2025

கபீர் பாய்க்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஒரே கேள்வி. இரண்டு வருடம் முன்பு உங்கள் வீட்டில் ஹைருன் பீவி அம்மா பரிமாறிய பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே, "எங்கப்பா எப்படிப் போனாரு பாய்" என்று கேட்டேனே, அப்போது இந்த வாய் எங்கே போயிருந்தது? "எல்லாம் அல்லாஹ் நாட்டம் தம்பி" என்றீர்கள். நான் அதை நோட்டில் எழுதி, அடிக்கோடு வேறு போட்டேன். என் அம்மா அவரைத் திட்டியே தேய்ந்துபோனாள். நான் அவரை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தேன். நீங்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது சொன்னால் யாருக்கு லாபம்? அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனார் என்ற ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு இப்போதுதான் கொஞ்சம் சிரிக்கிறாள். அதையும் பிடுங்கட்டுமா? கரூர்ப் பெண்ணுக்கு என்ன எழுதுவது? அந்தத் தேவதை பொய், நீ மாத்திரையை வாங்கிக்கொள் என்றா?

படம் என்னை விடப் பெரிதாகிவிட்டது. நான் நிறுத்தினாலும் நிற்காது. ஆகவே கேளுங்கள். இருபதாம் தேதி மேடைக்கு வாருங்கள். சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள், கும்பிடுங்கள், உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். என் அப்பாவுக்கு நீங்கள் செய்ய வேண்டிய பரிகாரம் இதுதான். தேவதையாக இருக்கப் பிடிக்கவில்லை அல்லவா, தேவதையாகவே கடைசி வரை இருங்கள்.

இசக்கிராஜா

*

786

குற்றாலம்
22.7.2025

தம்பி,

வாயைத் திறக்காமல் இருக்கலாம் என்றுதான் வந்தேன். உங்கள் தண்டனை எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் பதினெட்டாம் தேதி காலையில், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையன் விசில் ஊதும்போதே தடுப்பைத் தாண்டி அருவிக்குள் போனான். "கபீர் பாய் கயிறு இருக்குல்ல" என்று மணிக்கட்டைக் கூட்டாளிகளுக்குக் காட்டிவிட்டுப் போனானாம். அந்தக் கயிற்றை நான் கட்டவில்லை. கடைத்தெருவில் கூறு போட்டு விற்கிறார்கள். தோள்பட்டை முறிந்து கிடக்கிறான். உயிர் போகவில்லை. அடுத்த ஆளுக்கு அப்படி வாய்க்கும் என்று யார் சொல்வது?

அதனால்தான் மைக்கைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். உங்கள் அப்பா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அத்தனை சனமும் வாய் பிளந்து நின்றது. நீங்கள்தானே தம்பி முதலில் கை தட்டினீர்கள்? என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, ஒரு உயிரைக் காப்பாத்தின மனுஷன், இன்னொண்ணைக் காப்பாத்த முடியலைன்னு இன்னும் தன்னைத்தானே குத்தம் சொல்லிக்கிறாரு, தேவதைகள் இப்படித்தான்" என்றீர்கள். கூட்டம் விசில் அடித்தது. நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை பேசினேன், அதற்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தீர்கள். நீங்கள் கெட்டிக்காரர்.

நீங்கள் டிவிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது நடந்தது உங்களுக்குத் தெரியாது. மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா வந்தார்கள். கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான்.

"விசிலு அடிக்காங்களே, போயிரலாமான்னு அவுக கேட்டாகளா?"

"கேட்டாரும்மா."

"நெசமா கேட்டாகளா?"

"எழுந்திரிக்கவே இல்ல. எங்கிட்டத்தான் கேட்டாரு. நாந்தான் போகச் சொன்னேன்."

"இருவத்தஞ்சு வருசமா அவுகள நான் வையாத வசவு இல்ல பாய்" என்றார்கள். பிறகு கையை நீட்டி, மேடையில் அவர்களே போர்த்திய சால்வையை என் தோளிலிருந்து எடுத்து, நான்காக மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஒரு காரியத்தில்தான் அன்றைக்கு எனக்கு மூச்சு வந்தது.

அகமது கபீர்

*

சென்னை
4.8.2025

கபீர் பாய்,

உங்களுக்கு மூச்சு வந்தது. எனக்கு நின்றுவிட்டது.

ஊர் திரும்பும்போது காரில் அம்மா, "ஒனக்கு இது எப்பம் தெரியும்?" என்று கேட்டாள். பொய் சொல்ல வரவில்லை. ஜூலை ஆரம்பத்திலேயே தெரியும் என்றேன். "தெரிஞ்சுமாலே கை தட்டுன?" என்றாள். அதோடு சரி. திருவேங்கடத்தில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அப்பா போட்டோவைக் கூடத்தில் மாட்டிவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என் படத்தின் போஸ்டரைக் கிழித்து அடுப்பில் வைத்தாள் என்றும் சொன்னார்கள்.

போனில் ஒரே ஒரு தடவை பேசினாள். "அவுக தொடை தட்டிட்டு ஓடுதத எடுத்துரு. அவுக கேட்டாகன்னு போடு" என்றாள். தயாரிப்பாளரிடம் போய் நின்றேன். சிரித்தார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற காட்சியை எவன் எடுப்பான் என்றார். அடுத்த வாரம் மலையாளத்தில் வேறு வருகிறதாம். என் கையால் செய்தது, என் கையில் இல்லை.

இப்போது அம்மா என்ன செய்கிறாள் தெரியுமா? தினமும் காலையில் பஸ் ஏறிச் சங்கரன்கோவில் போகிறாள். அங்கே ஒரு தியேட்டரில் படம் இன்னும் ஓடுகிறது. காலை ஆட்டமும் மதிய ஆட்டமும் விட்டு வருகிறவர்களிடம், அவுக அப்படி ஓடல, அவுக கேட்டாக என்று சொல்கிறாளாம். டைரக்டரோட அம்மா என்று தெரிந்து சனம் செல்ஃபி எடுக்கிறது. அதில் ஒன்றை எனக்கே யாரோ அனுப்பினார்கள். அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் நிற்கிறவன் இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறான்.

நான் போனால் முகம் கொடுக்க மாட்டாள். எனக்குத் தைரியமும் இல்லை. நீங்கள் போய் அவளுக்குச் சமாதானம் சொல்லி வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இசக்கிராஜா

*

786

தென்காசி
14.8.2025

இசக்கி,

நீ சொன்னாய் என்று சங்கரன்கோவில் போனேன். இதோடு ஆறு நாள் ஆகிறது. உன் அம்மாவை நான் வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை.

முதல் நாள் என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். எந்த முகத்தோடு நான் சமாதானம் சொல்வது? காலை ஆட்டம் விட்டது. கூட்டம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. "அவுக கேட்டாக. விசிலு அடிக்காங்களேன்னு கேட்டாக. அப்படித் தொடை தட்டிட்டு ஓடுத ஆளு இல்ல அவுக" என்று உன் அம்மா ஒவ்வொருவராக நிறுத்திச் சொன்னார்கள். நான் நான்கு அடி தள்ளி நின்று, "நெசந்தான். நாந்தான் போகச் சொன்னேன், நாந்தான் கபீர்" என்றேன். என்ன ஆயிற்று என்று நினைக்கிறாய்? ஒரு அம்மாள் தன் பிள்ளையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். கயிறு கேட்டார்கள். உன் அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் தொண்டை கட்டும் வரை சொல்கிறோம், அவர்கள் கண் கலங்கிக் கேட்டுவிட்டு, என்ன மாதிரி மனுஷங்க என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். நீ எடுத்த படம் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

மறுநாள் முதல் அவர்கள் எனக்கு இடம் விட்டு நிற்கிறார்கள். என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானம் ஹைருன் கட்டிக் கொடுக்கும் சோற்றை நீட்டினால் வாங்குவதில்லை. சரியென்று நானும் தின்பதில்லை.

நேற்று ஒரே ஒரு ஆள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவராம், பெயர் சுடலையாண்டி என்றார். போனை எடுக்கவில்லை, சிரிக்கவில்லை, இரண்டு பேர் சொன்னதையும் கடைசி வரை கேட்டார். உன் அம்மாவைப் பார்த்து, "அப்பம் அண்ணாச்சி மேல தப்பே இல்லியா?" என்றார். "இல்லய்யா" என்றார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயெல்லாம் மனுசனாலே? குடும்பத்தைக் கெடுத்த பாவி" என்று சொல்லி என் முன்னால் காறித் துப்பிவிட்டுப் போனார்.

உன் அம்மா அந்த ஆளின் முதுகைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆறு நாளில் அப்போதுதான் அழுதார்கள்.

இன்றைக்கும் போகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு நானூறு பேர். அவர்களும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். படம் எடுத்தவன் வந்து சொன்னால்தான் சனம் நம்பும்.

அகமது கபீர்